தற்போது வசிக்கும் முகவரி

“எந்தக் கையால அடிச்சாரு?” என்று வக்கீலம்மா கேட்டார்.

அதுவரை எல்லோரும் எங்களிடம் ஏன் அடித்தார் என்றுதான் கேட்டிருந்தார்கள். பக்கத்து வீட்டுக்காரர்கள் கேட்டார்கள். அம்மா வேலை பார்க்கும் சலவைக்கூடத்து மேஸ்திரி கேட்டார். உதட்டைத் தைத்த டாக்டர்கூட ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு அதையேதான் கேட்டார். எந்தக் கை என்று ஒருவரும் கேட்டதில்லை.

அம்மாவால் வாயைத் திறக்க முடியவில்லை. தாடை ஒரு பக்கமாக வீங்கிக் கண்ணை மூடியிருந்தது. கூட வந்த சித்தி என் விலாவில் இடித்தாள். எனக்கு வெளி ஆட்களிடம் பேச்சு வராது. இடது கையைத் தூக்கிக் காட்டினேன்.

வக்கீலம்மா அம்மாவின் முகத்தைப் பார்த்தார். காயம், தையல், பழைய தழும்பு எல்லாம் வலது கன்னத்தில்தான் இருந்தன. “நாளைக்குக் கோர்ட்ல அவரு, இவ படியில விழுந்தான்னு சொல்லுவாரு. படி எப்பவும் ஒரே கன்னத்துல அடிக்காது” என்று சொல்லி எழுதிக்கொண்டார்.

கோர்ட்டின் பின்பக்க மாடியில், பழைய வழக்குக் கட்டுகள் அடுக்கிய அறைக்குப் பக்கத்தில் அந்த இலவச வக்கீல் ஆபீஸ் இருந்தது. செவ்வாயும் வெள்ளியும் மட்டும் திறந்திருக்கும். வரும்படி குறைவு என்று வேலை செய்யும் இடத்திலிருந்து ஒரு கடிதம் கொண்டுபோனால் போதும். வாசலில் ஒரு குமாஸ்தா உட்கார்ந்து பழைய காலண்டர் அட்டையை வெட்டி நம்பர் எழுதிக் கொடுப்பார். “உக்காருங்கம்மா. இங்க ஃபீஸும் கிடையாது, ஃபேனும் கிடையாது” என்பார். வந்த பெண்கள் சிரிப்பார்கள். சிரிக்கும்போது சிலருக்கு வாய் வலிக்கும், கையை வைத்துக்கொள்வார்கள்.

எங்களுக்கு வேண்டியது ஒன்றுதான். அப்பா அம்மா பக்கத்திலேயே வரக்கூடாது என்று கோர்ட் ஓர் உத்தரவு போட வேண்டும். மீறி வந்தால் உள்ளே தள்ள வேண்டும். அதற்கு நீதிபதி நம்ப வேண்டும். நம்புவதற்குத் தேதி வேண்டும், நேரம் வேண்டும், எதை வைத்து எங்கே அடித்தார் என்று வேண்டும். எப்போதெல்லாம் அடிப்பார் என்று வக்கீலம்மா கேட்டதற்கு அம்மா பல்லைக் கடித்தபடியே, எப்பவும்தான் என்றாள்.

“எப்பவும்னு ஒரு தேதி காலண்டர்ல இல்லையேம்மா.”

நான் என் துணிப்பையைத் திறந்தேன். பாவாடைக்குள் சுற்றி வைத்திருந்த மூன்று நோட்டுகளையும் எடுத்து மேசையில் வைத்துவிட்டு ஜன்னலைப் பார்த்தேன். அவை என் பள்ளிக்கூட நோட்டுகள். ஒன்பதாம் வகுப்பு பாதியில் நான் நின்றுவிட்டதால் பின்பக்கமெல்லாம் வெறும் தாள். நான் பள்ளிக்கூடம் போயிருக்கும் நேரத்தில்தான் வீட்டில் அடி விழுந்துகொண்டிருந்தது. வீட்டில் இருந்தால் குறையும் என்று நின்றேன். குறையவில்லை. நோட்டுதான் நிறைந்தது. வீட்டுக்குப் பின்னால் அப்பா போட்டு வைத்திருந்த பழைய லாரி டயரின் குழிக்குள் ஒளித்து வைத்திருந்தேன். அம்மாவுக்கே தெரியாது.

வக்கீலம்மா படிக்க ஆரம்பித்தார். கொஞ்ச நேரம் கழித்துக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி படித்தார். குமாஸ்தா எட்டிப் பார்த்துவிட்டு, சொல்ல வந்த ஜோக்கை விழுங்கிவிட்டுப் போனார்.

பதினொன்றாம் தேதி, திங்கள், காலை ஏழேகால். சாம்பாரில் உப்பு. சைக்கிள் டியூபை நீளமாக வெட்டியது, இரண்டாக மடித்து. முதுகில் ஒன்பது. ஆறாவதில் அம்மா கத்துவதை நிறுத்தினாள்.

இருபத்தாறு, செவ்வாய், மத்தியானம். அம்மா மேஸ்திரியுடன் சிரித்தாள் என்று யாரோ கடையில் சொன்னது. டயர் கழற்றும் இரும்பு லிவரின் தட்டைப் பக்கம், கணுக்காலில். நொண்டிக்கொண்டே வேலைக்குப் போனாள்.

நான்காம் தேதி, ஞாயிறு, சாயங்காலம். அதை நான் எழுதியபோது பேனா தாளைக் கிழித்திருந்தது. அப்பாவுக்கு மெயின் ரோட்டில் டயர்க்கடை. பஞ்சர் பார்ப்பதற்குத் தண்ணீர் நிறைத்த தகரத் தொட்டி ஒன்று உண்டு. காற்றடித்த டியூபை அதில் அமுக்கினால் ஓட்டை இருக்கும் இடத்தில் குமிழி வரும். சாப்பாடு கொண்டுபோன அம்மாவின் தலைமுடியைப் பிடித்து அந்தத் தொட்டிக்குள் அமுக்கினார். குமிழி வந்தது. “பாரு, இங்கதான் லீக்கு” என்று கடைக்கு வந்திருந்த லாரி டிரைவரிடம் சொன்னார். டிரைவர் சிரித்தார். மூன்று தடவை. மூன்றாவது தடவை நான் எண்ணியதில் இருபத்திரண்டு வரை.

வக்கீலம்மா ஏழு தேதிகளைத் தேர்ந்தெடுத்தார். டைப் அடிக்கும் பெண் லீவு. “உன் கையெழுத்து முத்துமுத்தா இருக்கு. நீயே ஃபாரத்தை நிரப்பு, மூணு நகல். ஏழையும் நோட்டுல இருக்கிற மாதிரியே எழுது” என்றார். வெளியே பெஞ்சில் பத்தொன்பது பேர் இருந்தார்கள். அடுத்த நம்பரைக் கூப்பிட்டுவிட்டார்.

நான் மூலையில் ஸ்டூல் போட்டு எழுதினேன். இரண்டாம் பக்கத்தில் ஒரு கட்டம். மனுதாரர் தற்போது வசிக்கும் முகவரி. முதல் பக்கத்தில் எங்கள் வீட்டு விலாசம் எழுதியாகிவிட்டது. இங்கே எதை எழுதுவது? நாங்கள் ஐந்து நாளாகச் சித்தி வீட்டில் ஒளிந்திருந்தோம். கேட்கலாம் என்று எழுந்தேன். வக்கீலம்மா முன்னால் ஒரு பெண் சட்டையை விலக்கி மார்புக்குக் கீழே சூட்டுத் தழும்பைக் காட்டிக்கொண்டிருந்தாள். உட்கார்ந்துவிட்டேன். காலியாக விட்டால் மனுவைத் தள்ளிவிடுவார்கள் என்று நினைத்தேன். பள்ளிக்கூடத்தில் கோடிட்ட இடத்தை நிரப்பாமல் விட்டால் மார்க் போய்விடும்.

எழுதினேன். எதை எழுதினாலும் முழுசாக எழுதுவது எனக்குப் பழக்கம். பெயின்ட் கடை மாடி, முன்பக்கம் வழி இல்லை, பக்கத்துச் சந்தில் தண்ணீர்த் தொட்டியைத் தாண்டிப் பின்பக்கப் படி, மேலே மூன்றாவது கதவு, பச்சை. இடம் போதவில்லை. கடைசி இரண்டு சொல்லைப் பொடியாக எழுதினேன். மூன்று நகலிலும். அம்மா கையெழுத்துப் போட்டாள். அவளுக்குத் தன் பேரை எழுத மட்டும்தான் தெரியும். வக்கீலம்மா இன்னொரு பெண்ணிடம் பேசிக்கொண்டே கீழே கையெழுத்துப் போட்டார்.

சித்தி தையல்காரி. அம்மாவைவிட ஆறு வயது இளையவள், தனியாள், வாய் நீளம். அந்த மாடி அறையை அவள் பிடித்ததே வழி கஷ்டம் என்பதால்தான். “எமனே வந்தாலும் நாலு பேர்கிட்ட வழி கேட்டுட்டுத்தான் வரணும். அதுக்குள்ள நான் நாலு பிளவுஸ் தெச்சிடுவேன்” என்பாள். அம்மாவுக்குக் கஞ்சியை ஆற்றி ஸ்பூனால் ஊட்டுவாள். என்னைப் பார்த்து, இந்த ஊமைக்கு எப்படித்தான் மூணு நோட்டு நிறைய வார்த்தை கிடைச்சுதோ என்று கேலி செய்வாள். கேலி செய்துவிட்டுத் தலையைத் தடவுவாள்.

வியாழக்கிழமை காலை பதினோரு மணி. சித்தி மிஷினில் யூனிஃபார்ம் தைத்துக்கொண்டிருந்தாள். அம்மா பாயில் படுத்திருந்தாள். மேசையில் இஸ்திரிப்பெட்டி சூடாகிக்கொண்டிருந்தது. நான் பட்டன் கட்டிக்கொண்டிருந்தேன். கதவை இரண்டு தடவை மெல்லத் தட்டினார்கள். பட்டன்கடைப் பெண் அப்படித்தான் தட்டுவாள். போய்த் திறந்தேன்.

அப்பா நின்றார். வலது கையில் நான் எழுதிய தாள். இடது கையில் லிவர்.

மிஷின் ஓடிக்கொண்டிருந்ததால் அவர் சொன்னது எனக்கு மட்டும்தான் கேட்டது. “வழி நல்லா எழுதியிருக்க, ஊமைக்கோட்டான். யாரையும் கேக்காமலே வந்துட்டேன்.”

தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். பிறகு என்னைத் தள்ளினார். என் தலை கதவு நிலையில் மோதியது. நான் எழுவதற்குள் அவர் அம்மாவின் முடியைக் கையில் சுற்றி இழுத்துவிட்டார். அம்மா பாயோடு வந்தாள். லிவர் முழங்காலில் விழுந்தது. இன்னொன்று அதே இடத்தில். அம்மாவின் உதட்டுத் தையல் பிரிந்து ரத்தம் பாயில் கொட்டியது. அவர் கத்தவில்லை. அடிக்கும்போது அவர் கத்தியதே இல்லை. டயரைக் கழற்றும்போது இருப்பதுபோல மூச்சை அடக்கி, இடம் பார்த்து அடித்தார்.

சித்தி துணி வெட்டும் கத்தரியை எடுத்துக்கொண்டு நடுவில் வந்தாள். “எங்கக்கா மேல இனிமே கை வெச்சா குத்திடுவேன் மாமா” என்றாள். அந்த நேரத்திலும் மாமா என்றுதான் சொன்னாள். குத்தவும் செய்தாள். தோளில் அரை அங்குலம் இறங்கியது. அவர் கத்தரி பிடித்த அந்தக் கையை மணிக்கட்டில் பிடித்து, மிஷின் பலகைமேல் வைத்து அழுத்தி, லிவரால் அடித்தார். முதல் அடியில் கத்தரி விழுந்தது. இரண்டாவது அடியில் காய்ந்த சுள்ளி ஒடிவதுபோலச் சத்தம் கேட்டது. மூன்றாவது அடிக்குச் சத்தம் வேறு மாதிரி இருந்தது, ஈரமாக.

“இனிமே ஊசி கோத்துப் பாருடி, மச்சினி.”

நான் இஸ்திரிப்பெட்டியை எடுத்தேன். வயர் சுவரிலிருந்து பிடுங்கிக்கொண்டு வந்தது. அவர் குனிந்திருந்தார். பின்கழுத்தில் வைத்து அழுத்தினேன். துணிக்கு எவ்வளவு நேரம் வைப்போமோ அதைவிடக் கூடுதலாக வைத்தேன். தோல் தகட்டில் ஒட்டிக்கொண்டது, எடுக்கும்போது இழுத்தது. அப்போதுதான் அவர் முதல்முறையாகக் கத்தினார். திரும்பி வீசிய லிவர் என் காறை எலும்பில் பட்டது. பெயின்ட் கடைக்காரரும் மூட்டை இறக்கும் இரண்டு பேரும் படியேறி வந்து அவர்மேல் விழுந்தார்கள். ஒருவர் அவர் முதுகில் உட்கார்ந்துகொண்டு, போலீஸ் வரும்வரை எழுந்திருக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் ஒரே வார்டில் மூன்று பேரும் கிடந்தோம். சித்திக்கு வலது கையில் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் இனி மடங்காது என்றார்கள். சித்தி அதைக் கேட்டுக்கொண்டாள். பிறகு பக்கத்துக் கட்டில்காரியிடம் என்னைக் காட்டி, “இது இல்லேன்னா இன்னிக்கு நாங்க ரெண்டு பேரும் மாலை போட்ட போட்டோதான். வாய்தான் ஊமை. கை பேசிடுச்சு” என்றாள். வந்தவர் போனவரிடமெல்லாம் அதைச் சொன்னாள். நான் போர்வையை இழுத்துக்கொண்டேன்.

வக்கீலம்மா சனிக்கிழமை வந்தார். அம்மாவின் கட்டிலில் கால்மாட்டில் உட்கார்ந்தார். அப்பா திங்கட்கிழமை ஜாமீனில் வெளியே வந்துவிடுவார், அதனால் உத்தரவு இன்னும் அவசரம், விசாரணைக்கு நாள் வாங்கியிருக்கிறேன் என்றார். பிறகு, விலாசம் போனது எங்கள் ஆபீஸ் தப்பு என்றார். சொல்லும்போது ஒரு தடவை என்னைப் பார்த்தார்.

சித்தி உடனே முடிவு கட்டிவிட்டாள். அந்தக் குமாஸ்தாதான், கைநீட்டி வாங்கிக்கொண்டு சொல்லியிருப்பான், அவன் பல்லைக் காட்டும்போதே தெரியும் என்றாள். அவன் கை அழுக, அவன் குடும்பம் விளங்காமல் போக என்று சாபம் விட்டாள். அவர் இல்லை என்று வக்கீலம்மா இரண்டு தடவை சொன்னார். யார் என்று சொல்லவில்லை. போகும்போது வராந்தாவில் என்னை நிறுத்தினார்.

“அந்த ஃபாரத்துக்குக் கீழ என் கையெழுத்து இருக்கு. படிக்காமப் போட்டது நான். நீ உங்கம்மாவைப் பாரு.”

நான் தலையை ஆட்டினேன்.

அடுத்த செவ்வாய்க்கிழமை ஒரு தாளில் வக்கீலம்மாவிடம் கையெழுத்து வாங்க என்னை அனுப்பினார்கள். நான் போனபோது குமாஸ்தா பெஞ்சில் இருந்த எல்லோருக்கும் சத்தமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். ஆபீஸ் திறக்கும் ஒவ்வொரு நாளும் காலையில் அப்படிச் சொல்வாராம். இப்போது தங்கியிருக்கும் இடத்தை ஃபாரத்தில் எழுதாதீர்கள், ஆபீஸ் விலாசத்தை எழுதுங்கள், எதிராளிக்கு ஒரு நகல் போகும். நாங்கள் முதலில் வந்த அன்றைக்குப் பெஞ்சில் தெரியாத ஆட்கள் நிறைய இருந்தார்கள் என்று நான் கீழே படியிலேயே நின்றுவிட்டேன். நம்பர் கூப்பிட்ட பிறகுதான் மேலே போனேன். என்னைப் பார்த்ததும் குமாஸ்தா பேச்சை நிறுத்தினார். கையெழுத்து வாங்கிக் கொடுத்து அனுப்பினார்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு சித்தி எனக்குத் தையல் பழக்கினாள். மிஷின் பலகையில் லிவர் பட்ட பள்ளம் அப்படியே இருந்தது. அதன்மேல் துணியை வைத்து, இடது கையால் சாக்பீஸ் பிடித்துக் கோணல்மாணலாகக் கோடு போடுவாள், நான் வெட்டுவேன். “இனிமே என் வலது கை நீதான்டி. உங்கம்மா வீட்டுக்குப் போனாலும் நீ இங்கதான்” என்றாள். அறைச் சாவி ஒன்றைக் கறுப்புக் கயிற்றில் கோத்து என் கழுத்தில் மாட்டினாள். சொல்லிவிட வேண்டும் என்று ஒவ்வொரு நாளும் காலையில் நினைப்பேன். கத்தரியைக் கையில் எடுத்தால் அந்த நாள் போய்விடும்.

விசாரணை நாளன்று அப்பா வெள்ளை முழுக்கைச் சட்டை போட்டு, காலர் பட்டன் வரை பூட்டியிருந்தார். கழுத்தைத் திருப்ப முடியாமல் உடம்போடு சேர்த்துத் திரும்பினார். அவருக்கு ஒரு வக்கீல், முடிக்குச் சாயம் பூசியவர். அம்மாவும் சித்தியும் நானும் முன் பெஞ்சில் இருந்தோம். அம்மா ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்திருந்தாள். குமாஸ்தா கட்டுகளை வைத்துக்கொண்டு கதவோரம் நின்றார்.

ஏழு தேதிகளையும் வக்கீலம்மா சொன்னார். நோட்டுகளைக் கொடுத்தார். நீதிபதி வயசானவர், பக்கம் பக்கமாகப் புரட்டினார். தொட்டி விஷயம் வந்த பக்கத்தில் நிறுத்தி, மறுபடி முதலிலிருந்து படித்தார். கிடைத்துவிடும் என்று அம்மா என் கையை அழுத்தினாள்.

அப்போது சாயக்கார வக்கீல் எழுந்து அப்பாவின் சட்டைப் பையில் இருந்த அந்த நாலாக மடித்த தாளைக் கொடுத்தார்.

“பயந்து ஓடின பொம்பளை, புருஷனுக்கு வழி எழுதி அனுப்புவாளாங்கய்யா? எந்தச் சந்து, எந்தப் படி, கதவு என்ன கலருன்னு முதற்கொண்டு எழுதியிருக்கு. மக கையெழுத்து. வந்து கூட்டிட்டுப் போன்னு சொல்லாமச் சொன்னதுதானே? இவரும் நம்பிப் போனாரு. போன இடத்துல மச்சினி கத்தரியால குத்தினா. கைகலப்பு ஆயிடுச்சு.”

நீதிபதி அந்தக் கட்டத்தைச் சத்தமாகப் படித்தார். பெயின்ட் கடை மாடி. தண்ணீர்த் தொட்டி. பின்பக்கப் படி. பச்சை. சித்தி பக்கத்தில் மூச்சை இழுத்துப் பிடித்தது எனக்குக் கேட்டது. அவள் திரும்பிக் கதவோரம் நின்ற குமாஸ்தாவைப் பார்த்தாள். அவர் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வக்கீலம்மா எழுந்து, அது எங்கள் ஆபீஸ் தவறு, கீழே இருப்பது என் கையெழுத்து என்றார்.

“கையெழுத்து போட்டது யாருன்னு நான் கேக்கலம்மா. இதை எழுதினது யாரு? யாரு சொல்லி எழுதினாங்க? மனைவி சொல்லி எழுதியிருந்தா விஷயமே வேற.”

அம்மா, எனக்கு அதில் என்ன இருக்கிறது என்றே தெரியாது ஐயா என்றாள். சாயக்கார வக்கீல் சிரித்தார். அப்பா நாற்காலியில் உடம்போடு திரும்பி என்னைப் பார்த்தார். நான் வாய் திறக்க மாட்டேன் என்று அவருக்குத் தெரியும். பிறந்ததிலிருந்து பார்த்திருக்கிறார்.

எழுந்து நின்றேன்.

“நான்தான் எழுதினேன்.”

சத்தமாகச் சொல்லச் சொன்னார் நீதிபதி. மறுபடி சொன்னேன். யார் சொல்லி என்று கேட்டார்.

“யாரும் சொல்லல. கட்டம் காலியா இருந்துச்சு. காலியா விட்டா தள்ளிடுவாங்கன்னு நெனச்சேன். கேக்கறதுக்கு வெக்கமா இருந்துச்சு. அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. நான் படிச்சும் காட்டல.”

“அவரு வந்தப்ப யாரு கதவைத் திறந்தது?”

“நான்தான்.”

“என்ன சொன்னாரு?”

சொன்னேன். வழி நல்லா எழுதியிருக்க, யாரையும் கேக்காமலே வந்துட்டேன். கையில் என்ன இருந்தது என்று கேட்டார். லிவர் என்றேன். எந்தக் கையில் என்று கேட்டார். இடது என்றேன். கூட்டிப்போக வந்தவர் லிவரோடு எதற்கு வந்தார் என்று நீதிபதி சாயக்கார வக்கீலிடம் கேட்டார். அவர் தாள்களை அடுக்க ஆரம்பித்தார். மேற்கொண்டு நீதிபதி எதுவும் கேட்கவில்லை. பக்கத்தில் இருந்தவரிடம் மெதுவாகச் சொல்லிச் சொல்லி எழுத வைத்தார். இன்றைக்கே அப்பா வீட்டை விட்டு வெளியேற வேண்டும். வீட்டுக்கோ சலவைக்கூடத்துக்கோ சித்தியின் அறைக்கோ அருகில் வரக்கூடாது. வந்தால் ஜெயில். மனுதாரரின் தற்போதைய முகவரி என்ன என்று எழுதுகிறவர் கேட்டார். வக்கீலம்மா ஆபீஸ் விலாசத்தைச் சொன்னார்.

அம்மா என் தோளில் முகத்தை வைத்து அழுதாள். காறை எலும்பு வலித்தது. அவள் தலைக்கு மேலாக நான் சித்தியைப் பார்த்தேன்.

சித்தி எழுந்தாள். மடியில் இருந்த பையின் வாரை இடது கையால் இழுத்து முழங்கையில் மாட்டினாள். வார் நழுவியது. எடுத்துக் கொடுக்கக் கையை நீட்டினேன். அவளே குனிந்து எடுத்து மறுபடி மாட்டிக்கொண்டாள். பிறகு என் முன்னால் வந்து நின்று இடது கையை விரித்து நீட்டினாள். முதலில் எனக்குப் புரியவில்லை. அவள் என் கழுத்தில் கிடந்த கறுப்புக் கயிற்றையே பார்த்தாள்.

கயிற்றைத் தலை வழியாகக் கழற்றி, சாவியை அவள் உள்ளங்கையில் வைத்தேன். கையை மூடினாள். கதவோரம் குமாஸ்தா வழிவிட்டு ஒதுங்கினார். அவர் எதிரில் ஒரு நிமிஷம் நின்றாள். பிறகு அவரையும் தாண்டிப் படியிறங்கிப் போனாள்.